புறாமலைக்குப் போன படகு: ஒரு கணக்குக்காரியின் மதிப்பீடு

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையின் கிழக்கே, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கரையில் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் படகுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணாடியும் மூச்சு விடக் குழாயும் வாடகைக்கு விடும் கடைக்கு இரண்டு. திரும்பி வந்து சாப்பிட்ட சோற்றுக் கடைக்கு ஐந்து, ஆறாவது ஒன்று இருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். தீவுக்கு நட்சத்திரம் போட நான் யார்? அது தன் பாட்டில் கிடக்கிறது.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. முக்கால்வாசி, சுறா தெரிந்ததா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். நான் திருமலை (திருகோணமலை) டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். எந்தப் பில்லைக் கண்டாலும் இந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்று பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சுறாவும் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கனடாவில் இருந்து அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் வந்திருந்தார்கள். நானும் என் மகனும் சேர்ந்து ஐந்து பேர். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டை வாசலில் மான்கள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். அண்ணன் மகளான என் மருமகள் மட்டும் 'பவளப்பாறை பார்க்காமல் போகமாட்டேன்' என்று நின்றாள். அவர்கள் தங்கியிருந்த விடுதியில் ஒருவர் எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். பிரிக்க ஏலாது, பக்கேஜ் என்றார். பிரிக்க முடியாத பில்லுக்கு நான் காசு கொடுத்ததில்லை. அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டொலரில் யோசிக்கிறவருக்கு அது சின்னத் தொகைதான். ஆனால் அந்த விலையில் எவ்வளவு படகுக்காரருக்கு, எவ்வளவு இடையில் நிற்பவருக்கு என்று தெரியாமல் ஏறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நேரே நிலாவெளிக்கே போனோம். டவுனில் இருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கரையிலேயே டிக்கெட் கொடுக்கும் இடம் இருக்கிறது, பக்கத்தில் படகுகள் வரிசையாக நிற்கின்றன. முறை வைத்து ஓடுகிறார்கள். யாருடைய முறையோ அவருடைய படகில்தான் ஏற வேண்டும், கையைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. இதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

பில் மூன்றாகப் பிரிந்தது. ஒன்று, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு. இரண்டு, படகுக் கூலி. மூன்று, கண்ணாடி, குழாய், காலில் போடும் துடுப்பு வாடகை. படகுக் கூலி ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆகவே நாலைந்து பேராகப் போவது லாபம். தொகைகளை இங்கே எழுதப்போவதில்லை. எண்ணெய் விலையோடும் டொலர் விலையோடும் அவை ஏறி இறங்கும், நீங்கள் படிக்கும்போது வேறாக இருக்கும். விகிதத்தைச் சொல்கிறேன். எனக்கும் மகனுக்கும் உள்ளூர்ச் சீட்டு, பஸ் காசு மாதிரி. மற்ற மூன்று பேருக்கும் வெளிநாட்டவர் சீட்டு, டொலர்க் கணக்கு. அந்த மூன்று சீட்டும் அவற்றோடு சேர்ந்த சேவைக் கட்டணமும் வரியும் ஐந்து பேருக்கான படகுக் கூலியின் இரண்டு மடங்கைத் தாண்டியது. அண்ணன், 'நான் பிறந்தது திருமலைப் பெரியாஸ்பத்திரியில்' என்று சொல்லிப் பார்த்தார். கவுண்டரில் இருந்த தம்பி சிரித்தபடி பாஸ்போட்டைக் காட்டினார். சரி, அவர் செய்ததில் பிழை இல்லை, சட்டம் அப்படி.

சீட்டைக் கையில் வாங்கினால் நான் முழுதாக வாசிப்பேன். நுழைவு, சேவை, வரி என்று பிரித்திருக்கிறார்கள், நல்லது. நிலாவெளிக்கு என்று ஒரு வரியைத் தேடினேன், அது இல்லை. இந்த இடத்தில் நேபாளம் ஞாபகம் வந்தது. அங்கே 1990களில் கொண்டுவந்த சட்டப்படி, தேசியப் பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களின் அபிவிருத்திக்குப் போகலாம். சித்வான் பூங்காவைச் சுற்றி அந்தக் காசில் பாடசாலை, வேலி, பாதை எல்லாம் செய்கிறார்கள். ஒழுங்காகப் பங்கிடுகிறார்களா என்ற சண்டை அங்கேயும் உண்டு. ஆனால் சண்டை பிடிக்க ஒரு தொகை இருக்கிறது அல்லவா?

படகுக்கு வருகிறேன். பைபர் போட், வெளியில் மாட்டிய எஞ்சின், மேலே வெயிலுக்குக் கூரை. எல்லோருக்கும் லைஃப் ஜக்கெட் கொடுத்தார்கள். என்னுடையதில் ஒரு வார் அறுந்திருந்ததைக் கண்டதும் கேட்காமலே மாற்றிக் கொடுத்தார்கள். கரையில் இருந்து தீவு ஒரு கிலோமீட்டர்தான், ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பாதித் தூரம் போய்விடும். கடல் தகடு போல் கிடந்தது. தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் மேற்கே கொழும்பு, காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும், எங்கள் பக்கம் அடங்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை அப்படி. வடகிழக்கில் இருந்து வாடை தொடங்கினால் தலைகீழ்.

ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர். முன்னால் நின்று கயிறு பிடித்த பையன் இறக்கக்கண்டிப் பக்கம், என்னை அக்கா என்றான். பெரியவரை நான் அண்ணை என்றேன், அவர் தங்கச்சி என்றார். பத்து நிமிடத்தில் தீவு வந்துவிட்டது, ஆனால் அவர் எங்களோடு கரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற நால்வரும் தண்ணீரில் இருந்த நேரமெல்லாம் நான் நிழலில் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் இந்தக் கதை தண்ணீருக்குள் கிடைக்காது.

தீவைப் பற்றிக் கொஞ்சம். உண்மையில் இரண்டு தீவுகள், பெரிய புறாமலை, சின்னப் புறாமலை. பாறை இடுக்கில் குடியிருக்கும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை இதைச் சுட்டுப் பழகும் குறியாக வைத்திருந்தது. 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2003இல் தேசியப் பூங்கா. இரண்டு தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். கடலுக்குள் இருக்கும் தேசியப் பூங்கா இலங்கையில் மிகச் சிலதான், ஹிக்கடுவை இன்னொன்று. 100 வகை அளவில் முருகைக்கல் (பவளம்), 300 வகை அளவில் மீன் என்று பதிவு செய்திருக்கிறார்கள். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பவளப்பாறைகள் பலவும் வெளுத்துச் செத்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

சரணாலயமும் தேசியப் பூங்காவும் வெளியில் பார்க்கிறவருக்கு ஒன்றுதான், இரண்டிலும் ஒரு பச்சைப் பலகை. சட்டத்தில் அப்படி இல்லை. சரணாலயத்துக்குள் ஆள் வாழலாம், தனியார் காணி இருக்கலாம், பல வேலைகள் நடக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். தூண்டில்கூடப் போடக் கூடாது. 2003 சமாதான காலம். ஏ9 பாதை திறந்திருந்த, எல்லோரும் மூச்சு விட்ட காலம். அந்த வருடம் கடலில் ஒரு கோடு போடப்பட்டதை இங்கே எத்தனை பேர் கவனித்தார்கள்?

அண்ணையிடம் இதைத்தான் கேட்டேன். அவர் சொன்னது:

"பார்க் எண்டு போட்டது எங்களுக்கு எங்க தெரியும் தங்கச்சி? அப்ப எங்களுக்குக் கடல் எண்டா நேவி விட்ட அளவுதான். பாஸ் குடுத்தா போறது, நேரம் முடிய வாறது. சண்டை முடிஞ்ச பிறகு இனி எங்கட கடலுக்குப் போகலாம் எண்டு பார்த்தம். அப்பதான் சொன்னாங்கள், இந்தத் துண்டு பார்க்குக்குரியது எண்டு."

கோபமாகச் சொல்லவில்லை. பையனிடம் நங்கூரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்து அதே குரலில் தொடர்ந்தார். அவருடைய அப்பா இந்தப் பாறையைச் சுற்றித் தூண்டில் போட்டவர். கலவாய், விளைமீன், பாரை. காற்று மாறினால் தீவின் மறைவில் தோணியைக் கட்டிவிட்டு அங்கேயே கஞ்சி காய்ச்சுவார்களாம். அவருடைய தம்பி சங்கும் கடலட்டையும் முக்குளித்து எடுத்தவர். பூங்கா வந்த பிறகு மூத்தவரான இவர் படகோட்டி ஆனார், தம்பி கட்டாருக்குப் போனார்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டேன். படகு, என்றார். சண்டை முடிந்து சுற்றுலாக்காரர் வரத் தொடங்கியபோது யாரிடம் பைபர் போட்டும் எஞ்சினும் இருந்ததோ, அல்லது வாங்கக் கடன் எடுக்க முடிந்ததோ, அவர்கள் ஆள் ஏற்றினார்கள். தோணியும் தூண்டிலும் மட்டும் இருந்தவர்களுக்கு, வெறும் மூச்சைப் பிடித்து முக்குளித்தவர்களுக்கு, கருவாடு காயவைத்த பெண்களுக்கு இந்தக் கோட்டால் ஒன்றும் வரவில்லை. பூங்கா ஊருக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி எனக்கு அந்த இடத்தில் உடைந்துபோனது. ஒரே வீட்டில் ஒருவருக்கு வரவு, ஒருவருக்குச் செலவு. இரண்டையும் கூட்டிச் சமப்படுத்தி ஊர் என்ற ஒரே தலைப்பில் எழுதினால் எந்த ஓடிட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அவருடைய வரவையும் கேட்டேன், தயங்காமல் சொன்னார். படகு அவருடையது அல்ல. கூலியில் எண்ணெய்க் காசு போக மிச்சத்தில் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு, பையனுக்கு ஒரு பங்கு. முறை வரும் நாளில் நல்ல காசு. பருவம் ஐந்து மாதம். வாடைக்கு இறால் பார்க்கக் களப்புக்குப் போவார், இல்லாவிட்டால் கரைவலைக்குக் கை கொடுப்பார். கரைவலைக்கும் பழைய இடம் இல்லை. வலை இழுக்கிற பாடுகளுக்கு முன்னால் ஹொட்டேல் கதிரைகள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர் படுத்திருக்கும்போது வலையை இழுத்தால் சிலர் படம் எடுப்பார்கள், சிலர் மணக்கிறது என்று முறைப்பாடு செய்வார்கள்.

"2019ல ஈஸ்டர் குண்டு, 20ல கொரோனா, 22ல எண்ணெய் இல்லை. ஆள் வரேல்ல. மீன் வந்தது."

இதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நியாயமாகச் சொன்னால் 2022இல் எண்ணெய் இல்லாமல் மீனுக்கும் யாரும் போகவில்லை, இதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் இரண்டு தடவையும் அப்படி இல்லை. மீன்பிடியில் இருந்து ஆளை மாற்றி ஆள் ஏற்றும் தொழிலில் விடும்போது அவனுடைய வருமானத்தைக் கொழும்பில் வெடிக்கும் குண்டோடும் வூகானில் வரும் காய்ச்சலோடும் கட்டிவிடுகிறோம். கடலில் எதிர்பாராதது நடக்கும் என்று பழகினவர்கள்தான், இது வேறு மாதிரியான எதிர்பாராதது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருமலைக் கடலில் வெடி வைத்து மீன் பிடிக்கிறார்கள், இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு வெடிக்கு மீன் மட்டும் சாகாது, முருகைக்கல்லும் தூளாகும், அடுத்த வருடம் மீன் வந்து நிற்க இடம் இருக்காது. சுண்ணாம்புக்கு முருகைக்கல் எடுத்த காலமும் நம் கரையில் இருந்தது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்கு வலையை எதிர்த்து மீனவரே மறியல் செய்கிறார்கள். கோடு போடாமல் விட்டிருந்தால் புறாமலையைச் சுற்றி இப்போது என்ன இருந்திருக்கும் என்று அண்ணையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ஒண்டும் இராது" என்றார். "ஆனா தூண்டில்காரனும் வெடிக்காரனும் ஒண்டோ?"

சட்டப் புத்தகத்தில் ஒன்றுதான்.

இனித் தண்ணீருக்குள் நடந்தது. மருமகள் சுறா பார்த்துவிட்டாள். செட்டை நுனி கறுப்பாக இருக்கும் வகை, பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது, ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றும். தீவின் ஒரு பக்கம் முருகைக்கல் நல்லது, மறு பக்கம் சுறாவுக்கு நல்லது, இரண்டையும் படகுக்காரர் காட்டிவிடுவார். அவள் கரைக்கு வந்து கண்ணீர் வர வர விவரித்தாள். எனக்குச் சுறா என்றவுடன் வாய் ஊறியது. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுக்காமல் விடமாட்டார்கள், இவளுடைய அம்மாவும் இவளைப் பெற்றபோது அதைச் சாப்பிட்டவள்தான். அண்ணி என்னை முறைத்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

மகன் ஆமையைக் கண்டான். மீன்கள் பயமில்லாமல் முகத்துக்கு நேரே வருகின்றன என்றான். இதெல்லாம் காசு கொடுத்ததற்குத் தகும். ஆனால் கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. நேரம் ஏற ஏற அடுத்தடுத்துப் படகுகள் வந்தன. இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் முருகைக்கல்லின் மேல் காலை ஊன்றி நின்று கண்ணாடியைத் துடைத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மெல்ல மெல்ல வளரும் உயிர் அது. கூப்பிட்டுச் சொன்னால் அரைவாசிப் பேருக்கு விளங்கவில்லை, மிச்சப் பேர் விளங்காத மாதிரி இருந்தார்கள். எங்கள் அண்ணை இரண்டு தடவை எழுந்து போய்க் கையைக் காட்டி இறக்கிவிட்டார். அவருடைய ஆட்கள்கூட இல்லை அவர்கள். அவருடைய அப்பா தூண்டில் போட்ட அதே இடத்தில், அவர் இப்போது சம்பளம் இல்லாத காவலர். படகுச் சேவைக்கு நான் நாலாவது நட்சத்திரத்தைக் கொடுத்தது இதற்காக.

ஐந்தாவதை ஏன் கொடுக்கவில்லை என்றால், எல்லாப் படகிலும் அவர் இல்லை. நாங்கள் இருந்தபோதே இரண்டு படகுகள் ஆளை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போயின. ஏறும் முன்பே கரையில் வைத்து எதில் நிற்கக் கூடாது, எதைத் தொடக் கூடாது என்று ஐந்து நிமிடம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னால் போதும்.

இங்கே கொஞ்சம் வேறு கரைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1990இல் நாங்கள் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள். நான் வளர்ந்தது பாதி மண்டபம் அகதி முகாமில். அங்கே பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் பாசி எடுக்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணாடி, விரலில் எல்லாம் துணி சுற்றி இருப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பிரித்துக் காயவைப்பார்கள். அவர்கள் காலங்காலமாகப் போன 21 தீவுகளும் 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் போய்விட்டன. கொஞ்ச காலம் கண்டும் காணாமலும் விட்டார்கள். பிறகு காவல் இறுகியது, பிடிபட்டவர்கள், பாசியைப் பறிகொடுத்தவர்கள் என்று கதைகள் வந்தன.

அந்தப் பெண்கள் செய்தது என்ன தெரியுமா? சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, பாசியை வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளி எடுப்பது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். செய்தியில் அவருடைய படத்தைப் பார்த்தபோது முகாமில் என்னோடு படித்த பிள்ளைகளின் தாய்மார் முகம் எல்லாம் வந்து போனது. விருது வந்ததால் தடை நீங்கிவிடவில்லை, பயந்து பயந்துதான் போகிறார்கள். ஆனாலும் எங்களுக்கு இவ்வளவு போதும், இந்த நாளில் போவோம், இப்படித்தான் எடுப்போம் என்று கோட்டின் ஒரு பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்ல, மறுபக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்கிற ஒரு மேசை வேண்டும். நிலாவெளியில் படகு முறையை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மேசையில் இருக்கத் தெரியாதா?

இது கடலுக்கு மட்டும் வந்த சங்கதியும் அல்ல. 1983இல் மதுரு ஓயாத் தேசியப் பூங்கா வந்தபோது வேடர் தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்து நின்றது இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். வேட்டையும் தேனும் அவர்களுக்கு ஒரே நாளில் குற்றமாகிவிட்டன. 2022 டிசம்பரில் மொன்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று முடிவு எடுத்தன. நல்ல முடிவு. இலங்கையில் அந்தக் கோடுகளை எங்கே போடுவார்கள் என்று யோசித்தால், பணக்காரர் குடியிருக்கும் கொழும்பு ஏழில் போடமாட்டார்கள் என்று மட்டும் தெரிகிறது.

சரி, வாடகைக் கடை. பெயர் எழுதவில்லை, ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, நான் எடுத்தது ஒன்றில்தான். ஐந்து கண்ணாடியில் இரண்டு தண்ணீர் கசிந்தது. குழாயின் வாய்ப்பகுதியைக் கழுவினீர்களா என்று கேட்டதற்கு, கடலில் போனால் கழுவுப்படும்தானே என்று பதில் வந்தது. காலுக்குப் போடும் துடுப்பில் அண்ணியின் அளவு இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஏற்கெனவே இருந்த கீறலுக்குக் காசு கேட்டார்கள். எடுக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டியதும் விட்டுவிட்டார்கள். கண்ணாடி சொந்தமாக இருந்தால் கொண்டு போங்கள்.

தீவில் கடை இல்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டு போக வேண்டும், பொலித்தீனும் குப்பையும் திருப்பிக் கொண்டு வர வேண்டும். சாப்பாட்டுப் பொதியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். காகம். புறாமலையில் புறாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும், காகம் தானாக வரும், எங்கள் பிஸ்கட் பக்கெட்டோடு ஒன்று பறந்தே போய்விட்டது. கரை முழுக்கச் செத்த முருகைக்கல் துண்டுகள், வெறுங்காலோடு நடந்தால் குத்தும். காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மீனைவிட ஆள் அதிகம்.

சோற்றுக் கடை நிலாவெளி வீதியில், கரைக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி. தகரக் கூரை, நாலு மேசை, மூன்று பெண்கள். சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், பருப்பு, பொரித்த சூடை, சம்பல். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல், எனக்கு அப்படித்தான் வேண்டும். அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கினார், ஸ்கார்பரோவில் கிடைக்காத ருசி என்றார், அங்கே கிடைக்காதது எதுவும் இல்லை என்று முதல் நாள்தான் பெருமை பேசியிருந்தார். மீன் எங்கே வாங்கியது என்று கேட்டேன். அன்று காலையில் கரைவலையில் வந்தது, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் நேரே எடுத்தது. அரிசி கிண்ணியாப் பக்கம். மரக்கறி சாம்பல்தீவு. நாங்கள் அங்கே கொடுத்த காசு அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போக ஒரு வழியும் இல்லை. சீட்டுக்கும் படகுக்கும் கொடுத்ததோடு பார்த்தால் சின்னத் தொகைதான்.

அந்த மூவரில் ஒருவர் முன்பு கருவாடு போட்டவர். கருவாடு போட்ட கொட்டிலான வாடியை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது ஒரு விடுதியின் மதில். 'கருவாட்டில் வந்தது இதைவிடக் கூடவா குறையவா?' என்று கேட்டேன். பருவத்தில் இது கூட, பருவம் முடிந்தால் ஒன்றும் இல்லை, கருவாடு வருடம் முழுக்க இருந்தது என்றார். இரண்டையும் கூட்டிப் பார்த்தீர்களா என்றேன். "கூட்டிப் பார்த்து என்ன செய்யிறது அக்கா" என்று சம்பலைக் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில். உப்புவெளியில் இருந்தும் படகு போகிறது, தூரம் கூட, அதனால் கூலியும் கூட. உப்புவெளியில் தங்குகிறவர்களுக்கு வசதி, மற்றவர்கள் நிலாவெளிக்கே போகலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் அவர்கள் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன் கேளுங்கள். வாடைக் காலத்தில் யாராவது போகலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். விடுதியிலோ வீதியிலோ நிற்கிறவரிடம் பக்கேஜ் எடுக்காதீர்கள், கரைக்கு நேரே போய்ப் பில்லைப் பிரித்துக் கேளுங்கள். படகுக் கூலியைப் படகுச் சொந்தக்காரரிடமோ முறை எழுதுகிறவரிடமோ கொடுத்த பிறகு, ஓட்டியவருக்கும் கயிறு பிடித்த பையனுக்கும் தனித்தனியாகக் கையில் கொடுங்கள், இருவருக்கும் சேர்த்து ஒருவரிடம் கொடுக்காமல்.